ஆறுக்குப் பதில் ஆறு

கூலரின் நாலு ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் கழட்டிவிட்டு மேலே தூக்கினேன். பிராசசரும் கூடவே வந்துவிட்டது. எட்டு வருஷத்துப் பேஸ்ட் கெட்டித்து இரண்டையும் ஒன்றாக ஒட்டிவைத்திருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற ஸ்டுடியோத் தம்பிக்கு முகம் வெளுத்தது.

“ண்ணா, போச்சா?”

போகவில்லை. ஆனால் சாக்கெட்டின் பிடியில் இருக்கும்போதே பிய்த்து எடுத்ததில் ஒரு மூலையில் மூன்று கால்கள் சாய்ந்திருந்தன. தப்பு என்னுடையதுதான். கணினியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுத்திருக்க வேண்டும். தெரிந்தும் அவசரப்பட்டேன். வெளியே ஐப்பசி மழை வேறு. கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

லெட் எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனை உள்ளே பொந்தாக இருக்கும். அதை ஒவ்வொரு காலின் மேலும் செருகி மெல்ல நிமிர்த்தினோம். நாற்பது மில்லிமீட்டர் சதுரத்தில் பொன்முலாம் பூசிய 1331 கால்கள். பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பார்த்தால் நாற்று நட்ட வயல் மாதிரி வரிசை பிடித்து நிற்கும். வரிசை கோணினால் கண்ணுக்கு உடனே தெரியும். மூன்றும் நிமிர்ந்ததும் மூடியில் இருந்த பேஸ்டைத் துடைத்தேன். எழுத்துகள் வெளியே வந்தன. ரைசன் 5 1600. அதற்குக் கீழே இரண்டு நாட்டின் பெயர்: சிலிக்கான் வேலை அமெரிக்காவில், கட்டி முடித்தது சீனாவில். மரக்காணத்துக்கு அது வந்து சேர்ந்த வழி அங்கேயே பொறித்திருந்தது, பாதி.

மீதிப் பாதி உப்பில் தொடங்குகிறது என்று சொன்னால் தம்பி நம்பவில்லை. அவன் வீட்டுக் கொல்லைக்கு அந்தப் பக்கம் உப்பளம்தான். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் ஊர் இது. கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்தி கட்டிய நிலம். சிப் என்றால் மணலில் செய்வது என்பது வரை எல்லோருக்கும் தெரியும். கடற்கரை மணல் அதற்கு ஆகாது. குவார்ட்சுக் கல்லைக் கரியோடு சேர்த்து உலையில் உருக்கிச் சிலிக்கானை எடுப்பார்கள். அப்படி எடுத்ததில் நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோ அழுக்கு இருக்கும். அந்த அழுக்கைப் போக்க, பொடித்த சிலிக்கானின் மேல் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைப் பாய்ச்சி டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக மாற்றுவார்கள். திரவம் ஆகிவிட்டால் சாராயம் காய்ச்சுவது போல வடித்து வடித்துச் சுத்தம் செய்யலாம். பிறகு சூடான கம்பியின் மேல் மறுபடி சிலிக்கானாகப் படியவைத்தால் ஒன்பதுகளை வரிசையாக ஒன்பது, பதினொன்று முறை எழுத வேண்டிய தூய்மை கிடைக்கும். அந்தக் குளோரின் உப்பைப் பிளந்து வருவது. மரக்காணத்து உப்புத்தான் அமெரிக்கா போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கிருந்து தெற்கே காலாப்பட்டில் உப்பிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் ஆலை இருக்கிறது. உப்பில்லாமல் சிப் இல்லை என்பது உப்பளத்துக்காரர்களின் காதுக்குப் போக வேண்டிய சேதிதான்.

இந்தச் சிப்பின் சிலிக்கான், நியூயார்க் மாநிலத்து மால்டா என்ற ஊரில், குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஆலையில் 14 நானோமீட்டர் செய்முறையில் சிப்பானது. ஒரு வட்டத் தகட்டில் இருநூற்றுச் சொச்சம் சில்லுகளை அச்சடிப்பார்கள். ஒவ்வொன்றும் 213 சதுர மில்லிமீட்டர், 480 கோடி டிரான்சிஸ்டர், தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு கோர்.

எட்டு என்றுதான் சொன்னேன். ஆனால் ரைசன் 5 1600-இல் ஆறு கோர்தான். நான்கு நான்காக இரண்டு கூட்டம் வைத்துச் செய்த சில்லில் கூட்டத்துக்கு ஒன்றை அணைத்துவிடுவார்கள். தூசி விழுந்தோ வேறு குறையாலோ ஒரு கோர் தேறாத சில்லை வீசாமல் ஆறு கோர் என்று விற்கலாம் என்பது ஒரு காரணம். எட்டும் நன்றாக இருந்தாலும், ஆறு கோர்ச் சரக்குக்குக் கிராக்கி கூடினால் இரண்டை வேண்டுமென்றே தூங்கவைப்பதும் இந்தத் தொழிலில் வழக்கம். 2017-இன் கடைசியில் சிலர் வாங்கிய 1600-இல் எட்டு கோரும் விழித்தபடியே இருந்ததைத் திரைப்பிடிப்பு எடுத்துக் காட்டினார்கள். அணைக்க மறந்துபோன சரக்கு. ஆக, கோர் எண்ணிக்கை என்பது பிறவிக் குணம் மட்டுமல்ல, பாதி வியாபாரக் கணக்கு.

அங்கிருந்து சீனா. ஏஎம்டி-யின் சூசோ, பினாங்கு கட்டுமான ஆலைகளில் 85 சதவீதப் பங்கு 2016-இல் நான்டோங் ஃபுஜிட்சு நிறுவனத்துக்குக் கைமாறியிருந்தது. சில்லைப் பலகையில் பதித்து, கால் வைத்து, உலோக மூடி போட்டு, சோதித்துப் பெட்டியில் அடைப்பதெல்லாம் அத்தகைய ஆலையில்தான். 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் 219 டாலருக்கு அறிமுகமானது. ஸ்டுடியோத் தம்பி அதைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் மடியில் வைத்தபடி ஊர் வந்து சேர்ந்தான். கேபினெட்டைக் காலடியில் வைக்க நடத்துநர் விடவில்லையாம், அதற்கும் ஒரு டிக்கெட் போட்டாராம்.

அப்புறம் எட்டு வருஷம். கல்யாண ஆல்பம், மஞ்சள் நீராட்டு, கோயில் தேர், பள்ளி ஆண்டு விழா, பாஸ்போர்ட் போட்டோ, மறைந்தவர் படத்துக்கு மாலை போடுவது வரை எல்லாம் இதன் வழியாகத்தான் போயின. பிராசசருக்கு வேலையால் பெரிய தேய்மானம் கிடையாது. இந்த ஊரில் மற்ற உறுப்புகளை அரிப்பது காற்று. உப்புத் தூளின் மேல் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகத் தண்ணீர் விடும். கடல் உப்போடு சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம், 33 சதவீதமே போதும். மரக்காணத்தில் ஈரப்பதம் அவ்வளவுக்கு இறங்கும் நாள் அபூர்வம். அதனால் கேபினெட்டுக்குள் படியும் தூசி இங்கே எப்போதும் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே இருக்கும். மின்சாரத்துக்கு அது ஒரு கள்ள வழி. ஸ்க்ரூத் தலைகள் துருப்பிடித்திருந்தன. கூலரின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கணினி பீப் அடித்துவிட்டு எழாமல் நிற்கும். தம்பி ராம் பலகையைக் கழட்டிப் பள்ளிக்கூட ரப்பரால் அதன் பொன் பட்டைகளைத் தேய்த்துப் போடுவான், எழுந்துவிடும். அந்த ரப்பர் கேபினெட்டின் மேலேயே நிரந்தரமாகக் குடியிருந்தது.

கோர் பேச்சு வந்தது விண்டோஸால். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. எப்படியும் மாற்றப் போகிறோம், மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பதினாறு கோரே போட்டுவிடலாம் என்பது தம்பியின் கட்சி. ரைசன் 9 5950எக்ஸ், அதே சாக்கெட், அதே கால்கள். ஆசை தப்பில்லை. ஏஎம்4 சாக்கெட் அவ்வளவு நீண்ட ஆயுசு கொண்டது. 2016-இல் வந்த சாக்கெட்டில் 2022-இல் வந்த பிராசசரையும் போடலாம். இன்னொரு வழி ஏஎம்5 சாக்கெட்டுக்கே தாவுவது. அதற்குப் போர்டும் புதிது வேண்டும், டிடிஆர்5 நினைவகமும் வேண்டும். 2025 கடைசியில் நினைவகத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பேச்சு ஒரே டீயோடு முடிந்தது.

பதினாறா, எட்டா, ஆறா என்ற கேள்விக்கு நான் அவனை உப்பளத்துக்குத்தான் கூட்டிப் போனேன். நடந்து போகவில்லை, பேச்சில்.

பாத்தியில் விடும் கடல் தண்ணீர், அடர்த்தியைச் சொல்லும் போமே அளவில் மூன்று டிகிரி சுமார் இருக்கும். வெயிலில் காய்ந்து இருபத்தைந்து டிகிரியைத் தொட்டால்தான் உப்பு இறுக ஆரம்பிக்கும். முப்பதை நெருங்குவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லையேல் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், மூட்டையில் தண்ணீர் விடும். இறுகியதை வார ஆறு பேர் ஒரு நாள் எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு பேர் அரை நாளில் வாரிவிடுவார்கள். ஆனால் அந்த மூன்று டிகிரி இருபத்தைந்து ஆவதற்கு? நாற்பது பேர் வரப்பில் வரிசையாக நின்று முறைத்துப் பார்த்தாலும் வெயில் தன் பாட்டுக்குத்தான் காயும். ஆள் சேர்த்தால் குறைவது வாரும் நேரம் மட்டும்.

இதையே 1967-இல் ஐபிஎம்மில் இருந்த ஜீன் அம்டால் கணினிக்குச் சொன்னார். ஒரு வேலையில் பிரித்துக்கொடுக்க முடியாத பங்கு எவ்வளவோ, அதற்குக் கீழே நேரத்தை எந்த எண்ணிக்கையாலும் இறக்க முடியாது. கணக்குக்கு வசதியாக, ஒரு கோரில் நூறு நிமிஷம் ஓடும் வீடியோ வேலை என்று வைத்துக்கொள்வோம். அதில் முப்பது நிமிஷம் வெயில், எழுபது நிமிஷம் வாரல். ஆறு கோரில் 42 நிமிஷம். எட்டில் 39. பதினாறில் 34. கோரைப் பத்து கூட்டியும் மிச்சம் எட்டே நிமிஷம். ஆயிரம் கோர் போட்டாலும் முப்பதுக்குக் கீழே போகாது.

இதில் ஒரு ஓட்டை உண்டு, அதுதான் எங்களுக்கு வழியும் ஆனது. வெயிலைக் கூட்ட முடியாது, ஆனால் கோரை வேகமாக்க முடியும். 1600-இன் ஒரு கோர் அதிகபட்சம் 3.6 கிகாஹெர்ட்ஸ். 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600-இல் 4.4. ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை, ஏஎம்டி-யின் சொந்தக் கணக்குப்படி, நடுவில் வந்த இரண்டு வடிவமாற்றத்தில் 15 சதவீதம், பிறகு 19 சதவீதம் என்று கூடியிருக்கிறது. பெருக்கினால் ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவு. 42 நிமிஷம் 25 ஆகிறது, அதே ஆறு கோரில். வெயிலும் வாரலும் சேர்ந்தே சுருங்குவதால் வரும் லாபம் இது. எட்டு கோர் உள்ள 5700எக்ஸ் போட்டால் 22. இந்தக் கடைசி மூன்று நிமிஷத்துக்கு அறிமுக விலையில் நூறு டாலர் வித்தியாசம். காகிதக் கணக்குதான், ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கப் போதும்.

காகிதத்தை நம்பாதவனுக்கு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோருக்கும் தனிக் கட்டம் காட்டச் சொன்னால் ஆறு கோருக்குப் பன்னிரண்டு கட்டம் தெரியும். ஒரு ஆள் இரண்டு பாத்தியைப் பார்ப்பது போல, ஒன்றில் தண்ணீர் பாயக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்றில் வேலை செய்யும் ஏற்பாடு. தம்பியை நாள் முழுக்க அதைத் திறந்துவைத்துக்கொண்டே வேலை செய்யச் சொன்னேன். ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் பக்கம் போடும்போது ஒரு கட்டமோ இரண்டோ எகிறும், மற்றவை தரையில் கிடக்கும். அவன் நாளில் முக்கால்வாசி இதுதான். முகூர்த்த வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது பன்னிரண்டும் எழும்பின, ஆனால் அது ராத்திரி சாப்பிடப் போகும் நேரத்தில் ஓடுகிற வேலை. கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் குறியாக்கச் சில்லிடம் அதை ஒப்படைத்தபோது பிராசசர் கட்டங்கள் பாதிக்கு இறங்கின. அந்த வசதி வீடியோ மென்பொருளில் சில வருஷமாகவே இருக்கிறது. தம்பி அந்த ஒரு பட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை. எல்லாக் கட்டமும் கிடையாகக் கிடந்தும் கணினி திணறிய சமயங்கள்தான் எனக்கு ருசியானவை: ஒன்று, நினைவகம் எட்டு ஜிபி நிரம்பி வழிந்தது, இன்னொன்று, பழைய ஹார்ட் டிஸ்க் கடகடத்துக்கொண்டு தேடியது.

கோர்களைக் கூட்டும் பழக்கமே ஒரு தோல்வியில் பிறந்ததுதான். வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்று எல்லோரும் நம்பிய காலம் 2004-இல் முடிந்தது. இன்டெல் அந்த வருஷம் மே மாதம் ஒரு பிராசசர் திட்டத்தைக் கைவிட்டது, அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் கைவிட்டது. முதல் திட்டத்தின் பெயர் தேஜஸ். ஒளி என்று பெயர் வைத்தார்கள், மிஞ்சியது சூடு. அடுத்த மே மாதமே இரட்டைக் கோர் பிராசசர்கள் கடைக்கு வந்துவிட்டன. நம் நாட்டில் இந்த வழியை அதற்கும் முன்பே பிடித்திருந்தார்கள். சி-டாக் நிறுவனம் 1991-இல் கட்டிய பரம் 8000, சின்னச் சின்ன டிரான்ஸ்ப்யூட்டர் சில்லுகளை அறுபத்துநான்கு வரை கோத்த கணினி. பெரிய ஒன்று கிடைக்காதபோது சிறியவை பல என்ற முடிவு.

கோர் கூடக் கூட லாபம் தரும் வேலையும் உண்டு, அது மரக்காணத்துக்குத் தூரத்துச் சொந்தமல்ல. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது இந்த உப்பளங்கள் நீரில் முழுகின. வானிலைக் கணிப்பு என்பது கடலையும் நிலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் காற்று, ஈரம், வெப்பம் எவ்வளவு என்று கணக்கிடுவது. உப்புப் பாத்தி மாதிரியே. கட்டத்துக்கு ஒரு கோர் கொடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவ்வப்போது பக்கத்துக் கட்டத்தைக் கேட்டுக்கொண்டால் போதும். 2025 மே 26-இல் வந்த பாரத் முன்கணிப்பு முறையில் கட்டத்தின் பக்கம் பன்னிரண்டு கிலோமீட்டரிலிருந்து ஆறாகச் சுருங்கியது. ஒரு கட்டம் நான்காகிறது. புணேயில் இருக்கும் அர்கா என்ற மீக்கணினி அதற்காக உழைக்கிறது, 11.77 பெட்டாஃபிளாப் திறன். அந்த வேலைக்குப் பதினாறாயிரம் கோர் கொடுத்தாலும் தின்றுவிடும். ஆல்பத்தில் மணமகள் கன்னத்துப் பருவை எடுக்கும் வேலைக்கு ஒன்று.

ஆக, ஆறைக் கழட்டி ஆறைப் போட்டோம். தம்பிக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. காசு கொடுத்து வாங்கியதில் எண்ணிக்கை கூடவில்லையே என்று அவன் மனைவி கேட்டால் என்ன சொல்வது என்பது அவன் கவலை. மிச்சத்தில் ஒரு எஸ்எஸ்டி, பதினாறு ஜிபி வரும்படி ஒரு ராம் பலகை, நல்ல பவர் சப்ளை. கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கிச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைத்ததும் என் கணக்கில் ஒரு அப்கிரேடுதான்.

போர்டு பழைய பி350. அதற்கு 5000 வரிசையைப் புரியவைக்கும் பயாஸ் 2022-இல்தான் வந்தது. அதை ஏற்ற வேண்டும் என்றால் பழைய பிராசசர் சாக்கெட்டில் இருக்கும்போதே ஏற்ற வேண்டும். பதவியை விட்டுப் போகிறவரே அடுத்தவருக்கு நாற்காலியைத் துடைத்துவைக்கும் கொடுமை. நடுவில் கரண்ட் போனால் போர்டு கல்லாகிவிடும். முந்தைய ராத்திரி யூபிஎஸ்ஸை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மழை விட்ட ஒரு இடைவெளியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம். எட்டு வருஷத்தில் அந்த 1600 செய்த கடைசி ஸ்டுடியோ வேலை அதுதான். மறுநாள்தான் நான் அதைப் பிய்த்து எடுத்தேன்.

நிமிர்ந்த மூன்று காலோடு அது ஒரு மாதம் சோப்பு டப்பாவில் கிடந்தது. பிறகு உப்பு லாரி எடை போடும் வேபிரிட்ஜிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே இருந்த கணினியின் போர்டை உப்புக் காற்று தின்றுவிட்டதாம். பழைய ஏ320 போர்டு ஒன்று கைக்குக் கிடைத்திருக்கிறது, பிராசசர்தான் இல்லை. 1600-க்குத் திரைக்குப் படம் அனுப்பும் வசதி உள்ளே கிடையாது என்பதால் தூசி படிந்த கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தோம். விண்டோஸ் 11 அதை வேண்டாம் என்றது அங்கே யாருக்கும் பொருட்டில்லை. அந்தக் கணினிக்கு இணையமே கிடையாது.

மாட்டிக் கொடுக்க நானும் போயிருந்தேன். ஓலையும் தார்ப்பாயும் போர்த்திய உப்பு அம்பாரங்கள், அவற்றுக்கு நடுவே தகர அறை, சன்னலுக்கு வெளியே இரும்பு மேடை. எடைக் கருவியிலிருந்து ஒரு சீரியல் கம்பி கணினிக்கு வருகிறது. பழக்க தோஷத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பன்னிரண்டு கட்டத்தில் பதினொன்று சுத்தமாகத் தரையில். ஒன்றில் மட்டும் எறும்பு ஊர்வது போல ஒரு கோடு.

லாரி மேடை ஏறியது. திரையில் எண்கள் மேலும் கீழும் ஓடின. டிரைவர் இறங்கி நின்று பீடி பற்றவைத்தார். ஈர உப்பின் பாரத்தில் ஸ்பிரிங் பட்டைகள் இன்னும் முனகிக்கொண்டிருந்தன. சீட்டு அடிக்கிறவர் எண்டர் விசையின் மேல் விரலை வைத்தபடி திரும்பி, “இருங்க சார், ஆட்டம் நிக்கட்டும்” என்றார்.